636001: சேலம் பின்கோடு பகா எண்ணா?

மூக்கனேரி
சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. பார்த்தவுடன் பகா எண் போலத்தான் தெரிகிறது. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 16, ஆகவே 3-ஆலும் வகுபடாது. 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனேன். 53-இல் மீதி 1 வந்தது. 636 = 12 × 53 என்பதால் 636000 அதில் சரியாக வகுபடுகிறது, மிச்சம் அந்த ஒன்றுதான். அதற்கு மேலும் எதிலும் சிக்கவில்லை.

இது பகா எண்தானா? கணினியில் தட்டினால் நொடியில் பதில் வரும் என்று தெரியும். எனக்குத் தாளும் பேனாவுமாகக் கண்டுபிடிக்கும் வழி வேண்டும். எந்த எண் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

கன்னங்குறிச்சி டீச்சர்
797 வரை போதும் தம்பி. 797-இன் வர்க்கம் 635209, 798-இன் வர்க்கம் 636804. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டு காரணிகளாகப் பிரித்தால் இரண்டுமே அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதனால் 797-க்குள் ஒரு காரணியும் சிக்கவில்லை என்றால் பகா எண் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் 797 வரை 139 பகா எண்கள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வகுத்தல்களை மிச்சப்படுத்தலாம். 1001 = 7 × 11 × 13. எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டி 636-இலிருந்து 001-ஐக் கழித்தால் 635. அது 7, 11, 13 எதிலும் வகுபடவில்லை என்பதால் மூன்றும் ஒரே கழித்தலில் முடிந்தது. அதேபோல் 999 = 27 × 37. இங்கே கழிக்காமல் கூட்ட வேண்டும்: 636 + 1 = 637. 37-ஆல் வகுத்தால் மீதி 8, அதுவும் இல்லை. 101-க்கு இரண்டிரண்டு இலக்கமாக வெட்டி மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டவும்: 63 − 60 + 01 = 4. மீதி 4, இல்லை.

நாலு ரோடு
டீச்சர் சொன்ன வழியில் 139-ஐயும் தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வகுக்காமலே பகா எண்ணா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது, பெர்மாவின் சிறிய தேற்றம். ந என்பது 2-ஐத் தவிர்த்த பகா எண் என்றால், 2-ஐ (ந − 1) அடுக்குக்கு உயர்த்தி ந-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அது பகா எண்ணே அல்ல.

2-இன் 636000ஆம் அடுக்கை 636001-ஆல் வகுத்தால் மீதி 631253. ஒன்று வரவில்லை. ஆக, இது பகு எண். இதைச் செய்ய இரண்டு லட்சத்துக்கு நெருங்கிய இலக்கங்கள் கொண்ட அந்த அடுக்கை எழுத வேண்டியதில்லை. வர்க்கமாக்கி, மீதி எடுத்து, மறுபடி வர்க்கமாக்கிப் போனால் இருபது முறையில் முடிந்துவிடும்.

காரணிகள் என்ன என்று இந்தச் சோதனை சொல்லாது. அதை நான் வேறு வழியில் பார்த்துவிட்டேன், ஆனால் மூக்கனேரி தாளில் கண்டுபிடிக்க ஆசைப்படுவதால் இங்கே போடவில்லை.

மூக்கனேரி
இது எனக்குப் பெரிய வியப்பு. ஒரு காரணியைக்கூடக் காட்டாமல் “காரணி உண்டு” என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடிகிறதே! நன்றி அண்ணா, விடையைப் போடாததற்கும் சேர்த்து.

எண் ராசி
6+3+6+0+0+1 = 16, 1+6 = 7. கேதுவின் எண். அதனால்தான் எளிதில் பிடிபடவில்லை.

கன்னங்குறிச்சி டீச்சர்
இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது 9-ஆல் வகுத்த மீதி. 636001-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 7. 10-ஐ, 100-ஐ, 1000-ஐ எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதுதான் இதற்குக் காரணம். காரணிகள் மறைந்திருப்பதற்கும் இந்த 7-க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நமக்குப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல், ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் வகுத்த முறைப்படி. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். கடிதம் பிரிக்கும் வசதிக்காக அமைந்த எண் இது. யாரும் காரணிகளைப் பார்த்து வைக்கவில்லை. எனக்கு இந்த எண்ணில் பிடித்ததே அதுதான்: யாரும் தேடிப் பொறுக்காத ஓர் எண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறது.

இலக்கக் கூட்டலை வைத்து அழகான வேலை செய்தவர் நாசிக் பக்கம் தேவளாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் புது எண் பிறக்கிறது. எந்த எண்ணிலிருந்தும் இப்படிப் பிறக்காத எண்கள் சில உண்டு, அவற்றைத் தன் ஊர்ப் பெயரால் தேவளாலி எண்கள் என்றார். 636001 அந்த வகையா என்று பார்த்தேன். இல்லை, அதற்குத் தாய் உண்டு: 635966. இலக்கங்களின் கூட்டுத்தொகை 35, 635966 + 35 = 636001. வேறு எந்த எண்ணும் இதைப் பெறாது. இதை நிரூபிக்க எண் ராசி சொன்ன அதே மீதி 7 உதவுகிறது. தாயை 9-ஆல் வகுத்தால் மீதி 8 வந்தாக வேண்டும், அப்படிப்பட்டவற்றில் ஐந்தைச் சோதித்தால் போதும்.

எண் ராசி
9-ஆல் வகுத்த மீதி என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை டீச்சர். அந்த ஐந்து எண்களையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றுதான் சரியாக வருகிறது.

கன்னங்குறிச்சி டீச்சர்
நல்லது. இப்போது மூக்கனேரி கேட்டதற்கு வருகிறேன். தாளில் காரணி கண்டுபிடிக்க பெர்மாவிடமே இன்னொரு வழி இருக்கிறது, அது சின்ன எண்ணிலிருந்து ஏறாமல் வர்க்கமூலத்திலிருந்து தொடங்கும். ஒற்றைப்படையான பகு எண் எதையும் அ² − ஆ² என்று எழுதலாம். எழுதிவிட்டால் (அ − ஆ) × (அ + ஆ) என்று காரணிகள் கையில் வந்துவிடும். ஆகவே 798-இலிருந்து தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 636001-ஐக் கழித்து, வருவது முழு வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே போகவும்.

798-க்கு 803.
799-க்கு 2400. (49-இன் வர்க்கம் 2401. ஒன்றில் தப்பியது!)
800-க்கு 3999.
801-க்கு 5600.

ஒவ்வொரு முறையும் புதிதாக வர்க்கம் கணக்கிட வேண்டாம். 803-உடன் 1597-ஐக் கூட்டினால் 2400, அதனுடன் 1599-ஐக் கூட்டினால் 3999, பிறகு 1601, 1603 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பெருக்கலே கிடையாது.

மேலே போகும் முன் ஒரு வடிகட்டல் செய்யலாம், இதைப் பொறுமையாகப் படியுங்கள். எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. நம் எண்ணுக்கு மீதி 1. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் அப்படி வர வேண்டும் என்றால் அ ஒற்றைப்படை, ஆ இரட்டைப்படை. 800, 802 என்று இரட்டைகள் எல்லாம் கழிந்தன. அடுத்து 8: ஒற்றைப்படை வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 1, நம் எண்ணுக்கும் மீதி 1. எனவே ஆ² என்பது 8-ஆல் வகுபட வேண்டும், அதாவது ஆ 4-ஆல் வகுபட வேண்டும். கடைசியாக 3: வர்க்கங்களுக்கு மீதி 0 அல்லது 1, நம் எண்ணுக்கு 1. ஆகவே ஆ 3-ஆல் வகுபடும், அ வகுபடாது. சேர்த்துப் பார்த்தால் ஆ என்பது 12-இன் மடங்கு, ஆ² என்பது 144-இன் மடங்கு.

மீதியை நீங்களே போடுங்கள் தம்பி.

மூக்கனேரி
போட்டேன் டீச்சர்! 799, 803, 805, 809, 811, 815. 801, 807, 813 மூன்றும் 3-ஆல் வகுபடுவதால் விட்டுவிட்டேன்.

799-க்கு 2400, 144-ஆல் வகுபடவில்லை. 803-க்கு 8808, கடைசி இலக்கம் 8 என்பதாலேயே வர்க்கம் இல்லை. 805-க்கு 12024, 144-ஆல் வகுத்தால் 83 முழுவதும் போய்ப் பாதி மிஞ்சுகிறது. 809-க்கு 18480, 811-க்கு 21720, இரண்டும் ஒற்றைப் பூஜ்யத்தில் முடிகின்றன. 815-க்கு 28224. 144-ஆல் வகுத்தால் 196. அது 14-இன் வர்க்கம்!

ஆ = 12 × 14 = 168. ஆகவே 815 − 168 = 647, 815 + 168 = 983.

636001 = 647 × 983

பெருக்கியும் பார்த்துவிட்டேன். இரண்டுமே பகா எண்கள்.

கன்னங்குறிச்சி டீச்சர்
மிகச் சரி. ஒவ்வொன்றாக வகுத்துப் போயிருந்தால் 647 என்பது 118ஆவது பகா எண், அதுவரை வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து வந்ததால் 798 முதல் 815 வரை பதினெட்டே படி, அதிலும் வடிகட்டலுக்குப் பிறகு ஆறு. பெர்மா இதே வழியில் 1643 வாக்கில் 2027651281 என்ற எண்ணை 44021 × 46061 என்று பிரித்தார். அவருக்குப் பன்னிரண்டு படி ஆனது.

கொலுசுப்பட்டறை
கணக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். ஒரு கேள்வி. இந்த வழி எப்போதுமே விரைவானதா? இல்லை இந்த எண்ணுக்கு மட்டும் வாய்த்ததா?

நாகலூர்
எங்கள் ஏற்காட்டுப் பின்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, பதில் அதிலேயே இருக்கிறது. 636601 = 7 × 199 × 457. வகுத்துப் பார்க்கிறவருக்கு நாலாவது பகா எண்ணிலேயே, 7-இலேயே மாட்டிக்கொள்ளும். வர்க்கமூலத்திலிருந்து போகிறவருக்கோ இரண்டு காரணிகளாக மிக நெருக்கமாகப் பிரித்தாலும் 457 × 1393 தான். நடு எண் 925. 798-இல் தொடங்கி 925 வரை 128 படி ஏற வேண்டும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளே மேல்.

காரணிகள் இரண்டும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பெர்மா வழி, ஒன்று சின்னதாக இருந்தால் பழைய வழி. எண்ணைப் பார்த்தவுடன் எது எந்த வகை என்று தெரியாது, அதுதான் சிரமம்.

கருப்பூர் மாணவி
எங்கள் கல்லூரி இருக்கும் கருப்பூருக்கு 636011. அதுவும் பகா எண் இல்லை: 367 × 1733. அஸ்தம்பட்டி 636007 = 157 × 4051. 636013-ஐ 7 வகுத்துவிடுகிறது. 636001-இலிருந்து 636016 வரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை! இது அபூர்வமா?

கன்னங்குறிச்சி டீச்சர்
இல்லைம்மா. ஆறரை லட்சம் அளவில் சராசரியாகப் பதின்மூன்று எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண். 1896-இல் ஹடமார்டும் டி லா வல்லே பூசானும் தனித்தனியாக நிரூபித்த பகா எண் தேற்றம் தரும் கணக்கு அது. பதினாறு எண் வெறுமையாகப் போவது சாதாரணம்.

நாலு ரோடு
636001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால், அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும் எழுதலாம் அல்லவா? 13 = 9 + 4, 17 = 16 + 1, 29 = 25 + 4 என்பது போல?

கருப்பூர் மாணவி
அந்த விதி பகா எண்களுக்கு அண்ணா. இதற்குச் செல்லாது. 647-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, 983-க்கும் மீதி 3. மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பதாகி, மீதி 1 என்று வெளியே தெரிகிறது. மீதி 3 தரும் ஒரு பகா எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால் அந்த இரண்டு வர்க்கங்களையும் தனித்தனியாக வகுத்தாக வேண்டும். அப்படியானால் 647-இன் வர்க்கமே 636001-ஐ வகுக்க வேண்டும், வகுக்கவில்லை. ஆக முடியாது.

மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 796² + 48² + 9². அதே 796-ஐ வைத்து 36² + 33² என்றும் முடிக்கலாம். 796²-ஐக் கழித்தால் வரும் 2385 = 9 × 5 × 53 என்பதால் இந்த இரண்டு வழியும் கிடைக்கின்றன. மூக்கனேரி முதலில் சொன்ன 53 இங்கே வேறு வேலை செய்கிறது.

இன்னொன்று. இப்படி மீதி 3 தரும் இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்குப் புளூம் எண் என்று பெயர். 1986-இல் லெனோர் புளூம், மானுவல் புளூம், மைக்கேல் ஷப் மூவரும் இந்த வகை எண்களை வைத்து, ஊகிக்கக் கடினமான எண் வரிசை உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். சேலம் தலைமை அஞ்சலகத்தின் எண் ஒரு புளூம் எண்!

கன்னங்குறிச்சி டீச்சர்
நன்றாகச் சொன்னாய்ம்மா. எனக்கு மிகப் பிடித்த பண்பு ஒன்று மிச்சம் இருக்கிறது, 1-ஐ 636001-ஆல் வகுத்தால் என்ன ஆகும் என்பது. 0.00000157232… என்று தொடங்கும், முடிவுறாத சுழல் தசமம். எத்தனை இலக்கம் கழித்துச் சுழலும்?

பகா எண்ணுக்குச் சுழல் நீளம் எப்போதும் அந்த எண்ணைவிட ஒன்று குறைந்ததன் காரணியாக இருக்கும். 1/3-க்கு 1, 1/7-க்கு 6, 1/13-க்கு 6. ஒன்று குறைந்த முழு நீளத்தையும் எடுத்துக்கொள்ளும் எண்கள் தனி இனம்: 7, 17, 19, 23, 29 போன்றவை. 983-ஐப் பாருங்கள். 982 = 2 × 491 என்பதால் நீளம் 1, 2, 491, 982 இவற்றில் ஒன்று. 1, 2 என்றால் 983 என்பது 9-ஐயோ 99-ஐயோ வகுக்க வேண்டும், நடக்காது. 491 என்றால் ஏதோ ஒரு வர்க்கத்தை 983-ஆல் வகுக்கும்போது மீதி 10 வர வேண்டும், அதுவும் இல்லை. ஆக 982. 647-க்கும் கொஞ்சம் கூடுதல் வேலை செய்து பார்த்தால் முழு நீளம் 646 வருகிறது. நம் எண்ணின் இரண்டு காரணிகளுமே அந்த இனம்!

சேர்த்துப் பார்த்தால் 1/636001-இன் சுழல் நீளம் 646, 982 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு: 317186. மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நூற்று எண்பத்தாறு இலக்கங்கள் ஓடி, அப்புறம்தான் முதலிலிருந்து தொடங்கும்.

இப்படி முழு நீளம் எடுக்கும் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்பதை 1927-இல் எமில் ஆர்ட்டின் கேள்வியாக வைத்தார். இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. பள்ளிக்கூடத்து வகுத்தலிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் யாருக்கும் விடை தெரியாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். வகுப்பில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாலு ரோடு
டீச்சர், அந்த 317186 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

வங்கிச் செயலியிலும் இணையதளங்களிலும் பயன்படும் ஆர்எஸ்ஏ பூட்டு, 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மேன் மூவரும் கண்டுபிடித்தது. இரண்டு பகா எண்களைப் பெருக்கி ஊருக்கே அறிவிக்கிறோம், காரணிகளை மட்டும் மறைத்துக்கொள்கிறோம். 636001-ஐ வைத்து ஒரு சின்னப் பூட்டு செய்யலாம். பொதுச் சாவி 3 என்று வைப்போம். அனுப்ப வேண்டிய செய்தி 100 என்றால், 100-இன் மும்மடிப் பெருக்கம் 1000000, அதை 636001-ஆல் வகுத்த மீதி 363999. இதை யார் பார்த்தாலும் பரவாயில்லை. திறக்கும் சாவி 105729. 363999-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி மீதி எடுத்தால் 100 திரும்பி வரும்.

105729 எங்கிருந்து வந்தது? 3 × 105729 = 317187. டீச்சர் கணக்கிட்ட சுழல் நீளத்தைவிடச் சரியாக ஒன்று அதிகம். 1-ஐ வகுக்கும்போது இலக்கங்கள் எப்போது சுழல்கின்றனவோ, அதே எண்தான் இந்தப் பூட்டின் ரகசியமும். எல்லா எண்ணிலும் இரண்டும் ஒன்றாக வராது. இரு காரணிகளும் முழு நீளம் எடுக்கும் இனமாக இருப்பதால் இங்கே ஒன்றாகிவிட்டன.

கொலுசுப்பட்டறை
அப்படியானால் காரணி தெரிந்தவர் எவரும் பூட்டைத் திறந்துவிடலாமே? மூக்கனேரி ஒரு தாளில் கண்டுபிடித்துவிட்டாரே!

நாலு ரோடு
அதனால்தான் நிஜப் பூட்டுகளில் 617 இலக்க எண்கள் வழக்கத்தில் இருக்கின்றன. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பெரும் கணினி உழைப்போடு பிரித்தார்கள். பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, டீச்சர் காட்டிய பெர்மா வழிக்கும் தப்ப வேண்டும். 2022-இல் சில அச்சுப்பொறிகள் உண்டாக்கிய சாவிகளில் இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருந்தது தெரியவந்தது. அவ்வளவு பெரிய எண்களும் 798, 799 என்று நாம் ஏறிய அதே படிகளில் உடனே உடைந்தன. 1643-இன் வழி இன்றும் பூட்டு உடைக்கிறது.

மூக்கனேரி
நான் “பகா எண்ணா, இல்லையா” என்று மட்டும் கேட்டேன். எல்லோருக்கும் நன்றி. இந்த வாரக் கடைசியில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பதினெட்டுப் படிகளையும் போடப் போகிறேன். சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்களே செய்ய இன்னோர் எண் வேண்டும். மேட்டூர் அணை 636401 எப்படி?

கன்னங்குறிச்சி டீச்சர்
அதற்குப் பதினெட்டுப் படி வேண்டாம். இரண்டிரண்டாக வெட்டச் சொல்லுங்கள்: 63 − 64 + 01.

கருப்பூர் மாணவி
பூஜ்யம்! 101-ஆல் வகுபடும். 636401 = 101 × 6301. மீதி இருக்கும் 6301 பகா எண்ணா என்று பார்க்க 79 வரை போதும், அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.